மேட்டை மலையாக்கிய ஓவியர்



இயற்கைக் காட்சி ஓவியம்னா மரம், ஆறு, வானம், பார்க்க அழகு, அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். ஆனால் மரத்தையும் மேகத்தையும் வைத்தே வாழ்வு, சாவு பற்றிச் சொன்ன ஒருவர் நெதர்லாந்தில் இருந்தார். அவர்தான் யாக்கோப் வான் ரூயிஸ்டால். அவரைப் பற்றி நான் படித்ததைச் சொல்கிறேன், கேளுங்க.

இவர் 1628 அல்லது 1629-ல் ஹார்லெம் நகரத்தில் பிறந்தார். அப்பா ஐசக் படங்களுக்குச் சட்டம் செய்பவர்; ஓவியமும் வரைவார். சித்தப்பா சாலமோன் பெயர் பெற்ற ஓவியர். 1648-ல், ஏறக்குறைய இருபது வயதில், ஹார்லெம் ஓவியர் சங்கத்தில் இவர் உறுப்பினர் ஆனார்.

1650 வாக்கில் ஜெர்மனி எல்லைப் பக்கம் போய் பெந்தைம் கோட்டையைப் பார்த்தார். அந்தக் கோட்டை இருப்பது ஒரு சின்ன மேட்டில். ஆனால் 1653-ல் அவர் வரைந்த படத்தில் அது பெரிய மலை மேல் நிற்கிறது! பார்த்ததை அப்படியே வரைபவர் இல்லை என்று இதிலேயே தெரிந்துவிடுகிறது.

1650-களின் நடுவில் வரைந்த ‘யூதர் கல்லறை’தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இதில் இரண்டு படங்கள் உண்டு. ஒன்று ஜெர்மனியின் டிரெஸ்டனிலும், இன்னொன்று அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலும் இருக்கின்றன. படத்தில் உள்ள கல்லறைகள் நிஜமானவை. ஆம்ஸ்டர்டாம் அருகே அவுடர்கெர்க் என்ற ஊரில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். ஆனால் இடிந்த கட்டடம், பாய்ந்தோடும் ஓடை, பட்டமரம், வானவில் எல்லாம் அவராகச் சேர்த்தவை.

ஏன் சேர்த்தார்? இடிந்த சுவரும் பட்டமரமும் எதுவும் நிலைக்காது என்கின்றன. ஓடும் நீர், போகும் காலம். வானவில்லோ, பைபிளில் பெருவெள்ளத்துக்குப் பிறகு கடவுள் தந்த வாக்குறுதியின் அடையாளம். அதனால் அது நம்பிக்கையைக் காட்டுகிறது. சாவைச் சொல்கிற அதே படத்தில் நம்பிக்கைக்கும் இடம் வைத்தாரே, அதுதான் என் மனசைத் தொட்டது.

அதுக்காக அவர் வரைந்த ஒவ்வொரு காற்றாலைக்கும் மரத்துக்கும் ஒரு பொருள் உண்டு என்று சொல்லிவிட முடியாது. இதில் அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. நிஜ இடத்தையும் படத்தையும் ஒப்பிட்டு, எதை மாற்றினார், எதைச் சேர்த்தார் என்று பார்ப்பதுதான் நல்ல வழி என்பது என் கருத்து.

பிறகு ஆம்ஸ்டர்டாமில் குடியேறினார். புகழ்பெற்ற ஓவியர் ஹொபெமா இவருடைய மாணவர். பிறந்த ஊரையும் இவர் மறக்கவில்லை. 1670-களில் ஹார்லெமைப் பல தடவை வரைந்தார். அந்தப் படங்களில் பாதிக்கு மேல் வானம்தான்! கீழே வயல்வெளியில் வெளுக்கப் போட்ட துணிகள். தூரத்தில் ஓங்கி நிற்கும் புனித பாவோ தேவாலயம்.

1682 மார்ச்சில் இறந்தார். அதே பாவோ தேவாலயத்தில்தான் அடக்கம் செய்தார்கள். ஏழைகள் விடுதியில் இறந்தார் என்று ரொம்ப நாள் எழுதி வந்தார்கள். அங்கே இருந்தது அதே பெயர் கொண்ட சித்தப்பா மகன் என்று பிறகு கண்டுபிடித்தார்கள்.

நண்பர்களே, இனி ஓர் இயற்கைக் காட்சிப் படத்தைப் பார்த்தால் ‘அழகு’ என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். இந்த மரத்தை ஏன் இங்கே வைத்தார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்!