ஃபோலிக் ஆசிட் மாத்திரைக்குப் பின்னால் ஒரு சென்னை மாணவர்: யார் இந்த சுப்பாராவ்?

கர்ப்பம் என்று தெரிந்ததுமே டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று ஃபோலிக் ஆசிட். இதை ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய குழுவை அமெரிக்காவில் வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பெயர் எல்லாப்ரகட சுப்பாராவ். பயோகெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கு நல்லா தெரிந்த பெயர் இது.

1895 ஜனவரி 12-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தார். படிப்பில் புலி என்றெல்லாம் சொல்லிவிட முடியாது. பள்ளி இறுதித் தேர்வில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறை, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துதான் தேறினார். அப்புறம் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாக ஆசைப்பட்டார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மருத்துவம் படிக்கப் போனார்.

அது காந்தியின் சுதேசி அலை வீசிய காலம். சுப்பாராவ் ஆபரேஷன் தியேட்டருக்குக் கதர் உடையில் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம். கடைசியில் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கொடுத்தார்கள்.

சகோதரர்களைக் கொன்ற 'ஸ்ப்ரூ'

இதற்கிடையில் வீட்டில் பெரிய இடி. அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாட்கள் இடைவெளியில் இறந்துபோனார்கள். நோயின் பெயர் ட்ராபிக்கல் ஸ்ப்ரூ.

அது என்ன நோய்? நம் சிறுகுடலின் உள்சுவரில் விரல் மாதிரி லட்சக்கணக்கான உறிஞ்சிகள் இருக்கின்றன. சாப்பாட்டில் உள்ள சத்து இவை வழியாகத்தான் ரத்தத்துக்குப் போகிறது. ஸ்ப்ரூ வந்தால் இந்த உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. தொடர் வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், எடை இழப்பு, கூடவே ரத்தசோகை. அப்போது இதற்குச் சரியான மருந்து கிடையாது.

1920-களின் தொடக்கத்தில், மனைவி சேஷகிரியை ஊரிலேயே விட்டுவிட்டு பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார் சுப்பாராவ். ஹார்வர்டில் வெப்பமண்டல நோய்கள் பற்றிப் படிக்க இடம் கிடைத்தது. ஆனால் எல்.எம்.எஸ். பட்டத்துக்கு அங்கே மதிப்பில்லை. ஒரு மருத்துவமனையில் இரவு வேலை பார்த்தார். நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைச் சுத்தம் செய்யும் வேலை. டாக்டருக்குப் படித்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பின் சில்லறைக் காசு

பிறகு ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க 1925-ல் இருவரும் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்றே அதற்குப் பெயர்.

அந்த முறையை வைத்துத் தசைகளைச் சோதித்தபோது பாஸ்போகிரியேட்டின் கிடைத்தது. அடுத்து 1929-ல் ஏ.டி.பி. சிம்பிளா சொன்னால், சாப்பிட்ட இட்லி, சோறு எல்லாம் பேங்கில் போட்ட பணம் மாதிரி. செலவுக்குச் சில்லறை வேண்டுமே, அதுதான் ஏ.டி.பி. கண் இமைப்பதில் இருந்து மாடி ஏறுவது வரைக்கும் செல்கள் இதைத்தான் செலவழிக்கின்றன. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக இதைக் கண்டுபிடித்தார். பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் அவர் பெயர்தான் முன்னால் நிற்கிறது.

இத்தனைக்கும் பிறகும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. தன்னை முன்னிறுத்திப் பேசிக்கொள்ளும் ஆளும் இல்லை அவர். 1940-ல் நியூயார்க் மாகாணத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார்.

இலையில் இருந்த மருந்து

லத்தீனில் 'ஃபோலியம்' என்றால் இலை. பசலைக்கீரையில் இருந்து பிரித்தெடுத்த சத்து என்பதால் 1941-ல் ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் டன் கணக்கில் கீரையை அரைத்தாலும் கிடைப்பது துளிதான். 1945-ல் லெடர்லே குழு இதைச் செயற்கையாகத் தயாரித்த பிறகுதான் நோயாளிகளுக்குத் தாராளமாகக் கொடுக்க முடிந்தது. அடுத்த ஆண்டே, கியூபாவில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, ரத்தசோகை சரியாவதை டாக்டர்கள் பதிவு செய்தார்கள்.

சுப்பாராவ் அதோடு நிற்கவில்லை. ஃபோலிக் ஆசிட் இல்லாமல் செல்கள் பெருக முடியாது. அப்படியென்றால் அதைத் தடுக்கும் மருந்து புற்றுநோய் செல்களை முடக்குமே? அவர் குழு தயாரித்த அமினோப்டெரின் மருந்தை, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். அதன் உறவுக்கார மருந்துதான் இன்று மூட்டுவாதத்துக்கும் தரும் மெத்தோட்ரெக்சேட். யானைக்கால் நோய்த் தடுப்புக்கு நம் ஊரில் வீடு வீடாக வந்து கொடுக்கும் டி.இ.சி. மாத்திரையும் இவர் ஆய்வகத்தின் சரக்குதான்.

1948-ல் அதே லெடர்லேயில் இருந்து ஆரியோமைசின் வெளியானது. டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்குகளில் முதலாவது அது. சில வாரங்களிலேயே, ஆகஸ்ட் மாதம், தூக்கத்தில் மாரடைப்பு வந்து சுப்பாராவ் இறந்தார். வயது 53. கப்பல் ஏறியவர் அதன்பிறகு ஒருமுறைகூட இந்தியா திரும்பவில்லை. அவர் போன பிறகு பிறந்த மகன் குழந்தையாகவே இறந்துவிட்டான். அப்பா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. சேஷகிரி கடைசிவரை காத்திருந்ததுதான் மிச்சம்.

இன்று ட்ராபிக்கல் ஸ்ப்ரூ உறுதியானால் டாக்டர்கள் சில மாதங்களுக்கு எழுதிக் கொடுக்கும் முக்கிய மருந்துகள் இரண்டு. ஒன்று ஃபோலிக் ஆசிட், இன்னொன்று டெட்ராசைக்ளின்.