அடித்த வரிகளில் பிறந்த ஓவியர்



சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரில், காத்தோங்கிலுள்ள என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காள் மகன் செம்பருத்திப் பூவைக் கசக்கித் தாளில் தேய்த்துக்கொண்டிருந்தான். சாறு தன் இஷ்டத்துக்கு ஓடியது. என்னடா இது கிறுக்கல் என்று தாளைப் பிடுங்கிவிட்டேன். பையன் முகம் வாடிப்போயிற்று. அன்றிரவு மகாகவி இரவீந்திரநாத் தாகூரின் வரலாறு என் நினைவுக்கு வந்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தாகூர் 1861 மே 7ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். பள்ளிக்கூட வகுப்பறை அவருக்கு ஒத்துவரவில்லை, வீட்டிலேயே படித்தார். பின்னர் 1901இல் சாந்திநிகேதனில் மரநிழலிலே பிள்ளைகள் படிக்கும் பள்ளியைத் தாமே தொடங்கினார். 1913இல் நோபல் பரிசு பெற்றார்.

1927 ஜூலையில் அவர் சிங்கப்பூருக்கு வந்தார். காத்தோங்கில் கடல் அலை வீட்டு வாசல்வரை வந்துபோன காலம் அது. அவருக்கு வயது 66. உலகம் அவரைக் கவிஞராக அறிந்திருந்ததே தவிர, ஓவியராக அறியாது.

ஆனால் விதை அதற்கு முன்பே விழுந்துவிட்டது. கவிதை எழுதும்போது பிடிக்காத சொல்லை அடிப்பாரல்லவா? அந்தக் கறைகள் அப்படியே கிடப்பது அவருக்குப் பொறுக்காது. அவற்றைக் கோடுகளால் இணைப்பார். திட்டம் ஒன்றுமில்லை, கை போன போக்கில் ஒரு பறவை வரும், பெயரில்லா மிருகம் வரும், சில சமயம் வெறும் வடிவம்தான் வரும். 1924இல் அர்ஜென்டினாவில் தங்கியிருந்தபோது, விக்டோரியா ஒகாம்போ என்ற எழுத்தாளர் அந்த நோட்டைப் பார்த்து வியந்தார்.

1928 முதல் தாகூர் முழுமூச்சாக வரையத் தொடங்கினார். பேனா, விரல், துணி எது கிடைத்தாலும் சரி. பூவிதழ்களைக் கசக்கி அந்தச் சாற்றையும் நிறமாகப் பூசினார். 1930இல் ஒகாம்போ அம்மையார் உதவியால் பாரிஸ் நகரில் அவருடைய முதல் கண்காட்சி நடந்தது. 1941 ஆகஸ்ட் 7ஆம் நாள் மறையுமுன் 2,000க்கும் அதிகமான படங்களை வரைந்துவிட்டார். பெரும்பாலானவற்றுக்குப் பெயரே வைக்கவில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு எது தெரிகிறதோ அதுவே என்று விட்டுவிட்டார்.

தோட்டத்துப் பெற்றோர்களே! வண்ணப்பெட்டி வாங்க முடியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். மஞ்சள், அடுப்புக்கரி, செம்பருத்தி நம் வீட்டிலேயே உண்டு. சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். நீலம் ஊதாவாக மாறும். எங்கே எவ்வளவு மாறும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிள்ளைக்கு அதுதானே இன்பம்!

மறுநாள் காலையில் அந்தத் தாளைத் தேடினேன். குப்பையோடு போய்விட்டது. புதுத் தாள் கொடுத்தேன். மருமகன் வாங்கி வைத்துக்கொண்டான், வரையவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியன் நான். என் அவசரத்தால் வந்த நட்டம் அது.

இன்று மேடையேறிப் பரிசு வாங்காத பிள்ளையும் உங்கள் வீட்டில் இருக்கலாம். வீட்டுக்குப் போனதும் அவன் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். திட்டாமல் பாருங்கள்.