கடல் கடந்து கற்ற கணித மேதை

தொண்டை நாடு கல்விக்குப் பெயர் பெற்ற நாடாகும். அதன் தலைநகராகிய காஞ்சியில் பல்லவர் காலத்தில் கடிகை என்னும் உயர்கல்வி நிலையம் விளங்கியது. கன்னட நாட்டிலிருந்து மயூரசன்மன் என்னும் இளைஞன் தன் ஆசிரியருடன் அக்கடிகைக்குக் கற்க வந்தான் என்று தாளகுந்தாக் கல்வெட்டுக் கூறுகின்றது. காஞ்சிக்கு அண்மையிலுள்ள உத்தரமேரூரிலோ, முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச்சபையில் அமர்வதற்குக் கல்வியும் ஒரு தகுதி என்று விதித்தன. இவ்வாறு பிற நாட்டார் தேடி வந்து கற்ற இந்நிலப்பகுதியில் இளமையிற் சில காலம் பள்ளிக்குச் சென்ற சிறுவன் ஒருவன், பிற்காலத்தில் கல்வியை நாடிக் கடல் கடந்து சென்றான். அவனே உலகம் போற்றும் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். தந்தையார் கும்பகோணத்தில் புடவைக் கடை ஒன்றில் கணக்கராக இருந்தவர். தாயார் கோமளத்தம்மாள். தாய்வழிப் பாட்டனார் காஞ்சிபுரத்தில் நீதிமன்றப் பணியில் இருந்தமையால், குழந்தைப் பருவத்திற் சில காலம் இராமானுஜன் அவ்வூரில் வளர்ந்தார். பின்னர்க் கும்பகோணத்தில் கல்வி தொடர்ந்தது. பள்ளியில் முதன்மை பெற்று விளங்கிய அவர், கல்லூரியிற் கணக்கு ஒன்றிலேயே மனத்தைச் செலுத்திப் பிற பாடங்களைப் புறக்கணித்தார். அதனால் உதவித்தொகையை இழந்தார், தேர்விலும் தோல்வியுற்றார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து மீண்டும் முயன்றும் பட்டம் பெற இயலவில்லை. 1909இல் ஜானகி அம்மையாரை மணந்தார். 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் திங்கள் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் பணியில் அமர்ந்தார்.

வறுமையிலும் அவருடைய கணித ஆராய்ச்சி ஓயவில்லை. 1913ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தாம் கண்ட முடிபுகள் பலவற்றை எழுதி, இங்கிலாந்திற் கேம்பிரிட்ஜ் நகரத்துத் திரினிட்டிக் கல்லூரி விரிவுரையாளராயிருந்த ஹார்டிக்கு அனுப்பினார். அவற்றின் அருமையை உணர்ந்த ஹார்டி, அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார். ஆனால், கடல் கடத்தல் ஆசாரக் குடும்பத்தார்க்கு அந்நாளில் விலக்காக இருந்தது. தாயார் முதலில் உடன்படவில்லை. குலதெய்வமாகிய நாமகிரித் தாயார் கனவிற் கூறிய வண்ணம் அவர் பின்னர் இசைந்தார் என்பர். 1914இல் சென்னைக்கு வந்த நெவில் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞரும் இராமானுஜனைச் சந்தித்து ஊக்கினார். சென்னைப் பல்கலைக்கழகம் இரண்டாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 250 பவுன் உதவித்தொகையும், பயணத்திற்கும் உடைக்குமாக 100 பவுனும் வழங்கியது. அவ்வுதவித்தொகையில் திங்கள்தோறும் 60 ரூபாய் தம் தாயார்க்குச் சேருமாறு இராமானுஜன் ஏற்பாடு செய்தார்.

புறப்படுமுன் அவர் குடுமியைக் களைந்தார். மேனாட்டு உடை அணிந்தார். கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணப் பழகினார். 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் 'நெவாசா' என்னும் கப்பலிற் சென்னையை விட்டு நீங்கி, ஏப்பிரல் 14ஆம் நாள் இலண்டனை அடைந்தார். நெவில் அவரை வரவேற்று, கேம்பிரிட்ஜில் தம் இல்லத்திலேயே சில வாரங்கள் தங்கவைத்தார். அதன்பின் திரினிட்டிக் கல்லூரி விடுதியில் இராமானுஜனுக்கு அறை கிடைத்தது.

கல்வி நிலையில் அவருக்கு அங்கு யாதொரு குறையும் இல்லை. நாள்தோறும் ஹார்டியுடன் கலந்து ஆராய்ந்தார். லிட்டில்வுட் என்னும் பெருங்கணித அறிஞரும் அவருக்குத் துணையானார். ஒருநாள் ஆர்தர் பெர்ரி என்னும் ஆசிரியர் வகுப்பில் விளக்கிக் கொண்டிருந்த பொழுது, இராமானுஜன் முகத்தில் மலர்ச்சியைக் கண்டு, ஏதேனும் சொல்ல விரும்புகின்றாரோ என்று வினவினார். இராமானுஜன் எழுந்து சென்று, ஆசிரியர் இன்னும் நிறுவாத முடிபுகளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்.

நூலறிவில் இவ்வாறு தலைசிறந்த அவர், அயல் நாட்டின் அன்றாட வாழ்க்கையிற் பல இடர்ப்பாடுகளை எதிர்கொண்டார். மேனாட்டுக் காலணி அவர் கால்களை வருத்தியது; ஆகவே அறையிற் செருப்பே அணிந்தார். குளிரோ அதனினும் கொடியது. பிற்காலத்தில் புள்ளியியல் மேதையாகப் புகழ்பெற்ற மகலனோபிஸ் அப்பொழுது கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தார். அவர் ஒருநாள் இராமானுஜனைக் கண்டு, இரவில் குளிர் வாட்டாமல் உறங்க முடிகின்றதா என்று கேட்டார். மேலங்கியை அணிந்து, சால்வையைப் போர்த்துக்கொண்டு உறங்கியும் குளிர் நீங்கவில்லை என்றார் இராமானுஜன். மகலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். அந்நாட்டு வழக்கப்படி கம்பளிகள் கட்டிலின்மேல் விரிக்கப்பட்டு, ஓரங்கள் மெத்தையின்கீழ்ச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்கவேண்டும் என்பதை அறியாமல், இராமானுஜன் அவற்றின்மேலேயே படுத்து வந்திருக்கின்றார். நண்பர் செய்து காட்டிய பின்னரே அவர் இரவில் இதமாக உறங்கினார். கடினமான கணக்குகளைத் தீர்த்தவர்க்கும், கம்பளி போர்த்தும் முறையை ஒருவர் கற்பிக்க வேண்டியிருந்தது. புதிய நாட்டிற்குச் செல்வோர், அறியாததைக் கேட்க நாணுதல் ஆகாது என்பதற்கு இது சான்றாகும்.

உணவே அவருக்கு நேர்ந்த பெருந்துன்பம். அவர் புலால் உண்ணாத நோன்புடையவர். கல்லூரி உணவுக்கூடத்துச் சமையலில் விலங்குக் கொழுப்புக் கலந்திருக்கும் என்று அஞ்சி, அதனை ஏலாது தம் அறையிலேயே தாமே சமைத்தார். அரிசியும் புளியும் பொடிவகைகளும் சென்னை நண்பர்களிடமிருந்து கப்பலில் வந்து சேரும். ஆராய்ச்சியில் மூழ்கிவிட்டால் சமையலை மறப்பார். சில வேளை ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டுமே அடுப்பேற்றுவார். சில வேளை முப்பது மணி நேரம் ஓயாது உழைத்து, அதன்பின் இருபது மணி நேரம் உறங்குவார்.

அடுப்பருகிலும் அவர் அறிவு ஓய்ந்திருக்கவில்லை. ஒருநாள் காய்கறியைக் கிளறிக் கொண்டிருந்த பொழுது, திங்களிதழ் ஒன்றில் வந்த கணக்கை மகலனோபிஸ் படித்துக் காட்டினார். ஒரு தெருவின் வீடுகள் ஒன்று முதல் வரிசையாக எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு வீட்டிற்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகை, வலப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாகின்றது. வீடுகள் ஐம்பதுக்கு மேலும் ஐந்நூற்றுக்கு உள்ளும் இருப்பின், அவ்வீட்டின் எண் யாது? விடை, 288 வீடுகளுள் 204ஆம் வீடு என்பதாகும். இருபுறமும் கூட்டுத்தொகை 20,706 ஆதலை மாணவர்கள் கூட்டிப் பார்த்து அறியலாம். இராமானுஜன் அகப்பையை நிறுத்தாமலே, இவ்வொரு விடையை மட்டுமன்றி இத்தகைய விடைகள் அனைத்தையும் தரும் தொடர்பின்னம் ஒன்றைக் கூறினார். எட்டு வீடுகளுள் ஆறாம் வீடும் அவ்விடைகளுள் ஒன்று.

தனிமை அவர் மனத்தை மிக மென்மையாக்கியிருந்தது. ஒரு முறை நண்பர் சிலரைத் தம் அறைக்கு விருந்துக்கு அழைத்துத் தம் கையாற் சமைத்துப் பரிமாறினார். அவர்கள் சாற்றை இருமுறை விரும்பி உண்டு, மூன்றாம் முறை போதுமென மறுத்தனர். அது தம் சமையலை இகழ்ந்ததாகும் என்று எண்ணி வருந்திய இராமானுஜன், யாரிடமும் சொல்லாமல் வெளியேறி, ஆக்சுபோர்டு நகருக்குச் சென்று சில நாள் தங்கிவிட்டார். அயலூரில் உற்றார் இன்றி வாழும் மாணவர்க்குச் சிறு சொல்லும் பெருந்துயர் தரும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தும்.

இந்நிலையில் 1914ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் முதல் உலகப் போர் மூண்டது. கல்லூரிக் கட்டடத்தின் ஒரு பகுதி புண்பட்ட வீரர்களுக்கு மருத்துவமனையாயிற்று. மாணவர் பலர் போர்க்களம் சென்றனர். லிட்டில்வுட்டும் படைப்பணிக்குச் சென்றார். காய்கறியும் பாலும் அரியவாயின. கடலிற் கப்பல்கள் தாக்கப்பட்டமையால் நாட்டிலிருந்து பொருள் வருவதும், தாயகம் திரும்புவதும் அரிதாயின. மனைவியார் எழுதிய கடிதங்கள் சிலவும் அவர் கைக்கு எட்டவில்லை.

இத்துணை இடர்களுக்கிடையே அவர் ஆற்றிய பணி வியத்தற்குரியது. உயர்பகு எண்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1916ஆம் ஆண்டு மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு இளங்கலைப் பட்டம் அளித்தது. தாய்நாட்டுத் தேர்வில் எய்தாத பட்டம் அயல்நாட்டில் ஆராய்ச்சியால் கிடைத்தது. ஹார்டியுடன் கூடி எண்களின் பிரிவினைகளையும் ஆராய்ந்தார். நான்கு என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். நூறு என்னும் எண்ணையோ 19,05,69,292 வகையாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றாக எழுதிப் பாராமலே இத்தொகைகளைக் கண்டறியும் வழியை அவ்விருவரும் வகுத்தனர்.

ஆயின், கல்விக்குக் கொடுத்த கருத்தை அவர் உடலுக்குக் கொடுத்திலர். 1917ஆம் ஆண்டில் நோய் அவரைப் பற்றியது. ஒரு மருத்துவ நிலையத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறி மாறித் தங்கினார். அந்நாள் மருத்துவர்கள் அதனைக் காசநோய் என்று கருதினர். கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்பது பிற்கால மருத்துவ ஆராய்ச்சியாளர் கருத்து. நோய் யாதாயினும், ஒழுங்கற்ற உணவும் உறக்கமும் அவர் உடலைத் தளர்த்தின என்பதில் ஐயமில்லை. நோய்ப்படுக்கையிலும் எண்கள் அவருக்குத் தோழராயின. காண வந்த ஹார்டி, தாம் ஏறிவந்த வண்டியின் எண் 1729 சிறப்பற்றது என்றபொழுது, அஃது இரு கனங்களின் கூட்டாக இரு வகையில் எழுதத்தக்க மிகச்சிறிய எண் என்று இராமானுஜன் உடனே விளக்கினார். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் கூடின் 1729. ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் கூடினும் 1729.

1918ஆம் ஆண்டில் அவர் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். அப்பெருமையை அவருக்குமுன் எய்திய இந்தியர், 1841இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆர்தசீர் கர்செட்ஜி ஒருவரே. அதே ஆண்டில் திரினிட்டிக் கல்லூரியும் அவரை ஆய்வுறுப்பினராக்கியது. அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

தாயகம் திரும்பிய பின்னும் ஆண்டுதோறும் 250 பவுன் அளிக்கச் சென்னைப் பல்கலைக்கழகம் முன்வந்தது. அதற்கு 1919ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் அவர் எழுதிய மறுமொழி, அவர் உள்ளத்தின் உயர்வைக் காட்டுவது. தமக்கு இன்றியமையாதன போக எஞ்சும் தொகையை ஏழைச் சிறுவர், தாய் தந்தையரை இழந்த பிள்ளைகள் ஆகியோரின் கல்விக்கும், பள்ளிக் கட்டணச் சலுகைக்கும், நூல்களுக்கும் பயன்படுத்துமாறு வேண்டினார். பணமின்மையால் தாம் இளமையிற் பட்ட துன்பத்தை அவர் மறக்கவில்லை. நோயுற்று அயல்நாட்டிற் கிடந்த பொழுதும், தம்மைப்போல் வருந்தும் சிறுவரையே நினைந்தார்.

1919ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இராமானுஜன் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கினார். பின்னர்த் தமிழகம் சேர்ந்தும் நோய் தணியவில்லை. 1920ஆம் ஆண்டு சனவரியில்கூடப் புதிய கணித முடிபுகளை ஹார்டிக்கு எழுதினார். அவ்வாண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். அப்பொழுது அவர்க்கு வயது முப்பத்திரண்டே. அவருடைய இறுதிக்கால ஏடுகள் பல்லாண்டு மறைந்து கிடந்து, 1976இல் திரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. அறிஞர்கள் அவற்றை விரிவாக ஆராய்ந்து நூல்கள் வெளியிட்டனர். அவர் பிறந்த டிசம்பர் 22ஆம் நாள் நாடெங்கும் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. இராமானுஜன் எழுதிய சித்திரம் அழியாதது. ஆனால் சுவரை அவர் காத்திலர். ஊர்விட்டு ஊர் சென்று கற்கும் மாணவர் எவரும், அவருடைய ஊக்கத்தையும் ஒழுக்கத்தையும் ஈகையையும் தமக்கு வழிகாட்டியாகக் கொள்ளல் வேண்டும். அவ்வாறே காலத்தில் உண்டு, காலத்தில் உறங்கி, துன்பம் நேரின் நண்பர்க்கும் ஆசிரியர்க்கும் உரைத்து, உடலையும் உள்ளத்தையும் பேணிக் கற்றல் வேண்டும். அங்ஙனம் கற்பாராயின், அவர்தம் கல்வி நெடுங்காலம் நின்று நாட்டிற்குப் பயன்படும்.