ஜெய்பால் சிங் முண்டா: கிராம சபைக்கும் இந்த ஹாக்கி கேப்டனுக்கும் என்ன தொடர்பு?

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணிக்கு கேப்டன் யார் தெரியுமா? இன்றைய ஜார்க்கண்டில் 1903-ல் பிறந்த முண்டா பழங்குடி, ஜெய்பால் சிங். இறுதிப் போட்டிக்கு முன்பே அணியைவிட்டு விலகிவிட்டார் என்பது வேறு கதை. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்; ஐசிஎஸ் பணியையும் வேண்டாமென விட்டவர்.

1939-ல் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். 1946-ல் அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். கூடிப் பேசி முடிவெடுக்கும் வழக்கம் பழங்குடிகளிடம் ஏற்கெனவே இருக்கிறது, ஜனநாயகத்தை வெளியிலிருந்து யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்பது அங்கே அவர் வாதம். ஆதிவாசி என்ற சொல்லே அரசியல் சாசனத்தில் வர வேண்டும் என்றும் கேட்டார். கிடைத்ததோ பட்டியல் பழங்குடி என்ற பெயர். 1970-ல் காலமானார்.

அப்புறம் என்ன ஆச்சு?

26 ஆண்டுகள் கழித்து, 1996-ல் பெசா சட்டம் வந்தது. ஐந்தாவது அட்டவணைப் பகுதிகள் உள்ள 10 மாநிலங்களுக்கு இது பொருந்தும். அங்கே வளர்ச்சித் திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் முன் கிராம சபையை அல்லது உரிய மட்டத்திலுள்ள பஞ்சாயத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும். கவனிங்க: ஆலோசனைதான், சம்மதம் இல்லை. சிக்கலே அங்கேதான்.

2013-ல் ஒடிசாவின் நியம்கிரி மலை பாக்சைட் சுரங்க வழக்கில், வன உரிமைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். கேட்கப்பட்ட 12 சபைகளும் வேண்டாம் என்றன. மத்திய அரசும் அனுமதி மறுத்தது.

கேட்டால் பதில் சொல்ல கிராமத்துக்குத் தெரியும். ஜெய்பால் சிங் அன்றே சொன்னது இதைத்தான்.