கிளட்ச் பெடலை எடுத்தவர்: ஹெர்மான் ஃபோட்டிங்கரும் கியர்பாக்ஸ் சூடும்

ஆட்டோமேட்டிக் கார்ல கிளட்ச் பெடல் இருக்காது. அது உங்களுக்குத் தெரியும். சிக்னல்ல வண்டி நிக்குது, கியர் டிரைவ்லயே இருக்கு, இன்ஜினும் ஓடிக்கிட்டே இருக்கு. ஆனா ஆஃப் ஆகலை. எப்படி? மெக்கானிக்கல் படிக்கிறவங்க டார்க் கன்வர்ட்டர்னு சொல்லிடுவீங்க. அதைக் கண்டுபிடிச்சது யாருன்னு கேட்டா பாதிப் பேர் ஏதாவது ஒரு அமெரிக்கக் கார் கம்பெனி பேரைச் சொல்லுவோம்.

அமெரிக்காவும் இல்லை, காரும் இல்லை. அது ஒரு ஜெர்மன் கப்பல் கட்டும் தளத்தில் பிறந்தது. ஆளின் பெயர் ஹெர்மான் ஃபோட்டிங்கர். ஜெர்மனியில் இன்றைக்கும் இந்தக் கருவிக்கு அவர் பெயரையே சேர்த்துச் சொல்கிறார்கள்.

1877 பிப்ரவரி 9 அன்று நியூரம்பெர்க் நகரில் பிறந்தார். மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தது எலக்ட்ரிகல். படிப்பு முடிந்ததும் 1899-ல் வேலைக்குப் போன இடம் ஸ்டெட்டின் நகரத்து வல்கன் கப்பல் தளம். (ட்ரிபிள்-ஈ முடிச்சவர் கோர் மாறி மெக்கானிக்கல் கம்பெனிக்குப் போன கதைதான், நமக்குப் புதுசு இல்ல.)

அங்கே அவர் முதலில் செய்தது ஒரு அளவுக்கருவி. கப்பலின் ஷாஃப்ட் சுழலும்போது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கம் எவ்வளவு என்று பார்த்தால், புரொப்பெல்லருக்கு உண்மையிலேயே எவ்வளவு பவர் போகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். டார்ஷன் இண்டிகேட்டர் என்று அதற்குப் பெயர். 1904-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார். இதை ஏன் சொல்றேன்னா, இவர் முதலில் பவரை அளக்கக் கற்றுக்கொண்டவர். எவ்வளவு உள்ளே போகுது, எவ்வளவு வெளியே வருது, இந்தக் கேள்விதான் அவருக்குக் கடைசி வரைக்கும் கூடவே வந்தது.

அப்போது கப்பல்களில் நீராவி டர்பைன் புதிதாக வந்திருந்த காலம். அதில் ஒரு தலைவலி. டர்பைன் வேகமாகச் சுற்றினால்தான் அதற்கு நல்லது. புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றினால்தான் அதற்கு நல்லது. நடுவில் வேகத்தைக் குறைக்க கியர் வேண்டும். ஆனால் அவ்வளவு பெரிய பவரைத் தாங்கும் கியரை வெட்ட அன்றைக்கு முடியவில்லை. எலக்ட்ரிகல் ஆளாச்சே, ஃபோட்டிங்கர் முதலில் ஜெனரேட்டர், மோட்டார் என்றுதான் யோசித்தார். எடை அதிகம். சரி, கரண்டுக்குப் பதில் தண்ணீர் வைத்தால் என்ன? டர்பைன் ஒரு பம்பைச் சுற்றட்டும், பம்ப் தண்ணீரைத் தள்ளட்டும், அந்தத் தண்ணீர் இன்னொரு சக்கரத்தைச் சுற்றட்டும், அது புரொப்பெல்லரைச் சுற்றட்டும்.

இதிலும் சிக்கல். பம்ப் ஒரு பக்கம், தண்ணீர் டர்பைன் இன்னொரு பக்கம், நடுவில் பைப். பைப்பிலும் வளைவிலும் பாதி சக்தி வீணாகும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப் பண்ணினவங்களுக்கு இது நல்லாவே தெரியும். இங்கேதான் அவர் பெரிய காரியம் செய்தார். பைப்பையே தூக்கிப் போட்டுவிட்டார். பம்ப் சக்கரத்தையும் டர்பைன் சக்கரத்தையும் ஒரே கூட்டுக்குள் முகத்துக்கு முகம் வைத்தார். நடுவில் தண்ணீரைத் திருப்பிவிட அசையாத இறக்கைகள். 1905 ஜூன் 24 தேதியிட்ட காப்புரிமை அது. நடு இறக்கைகள் இருந்தால் முறுக்குவிசை பெருகும், அதுதான் டார்க் கன்வர்ட்டர். அவற்றை எடுத்துவிட்டால் முறுக்குவிசை பெருகாமல் அப்படியே போகும், அது ஃப்ளூயிட் கப்ளிங். இரண்டுமே அவருடையதுதான்.

இனிமேதான் நம்ம விஷயம். ஒரே கூட்டுக்குள் வைத்தும் இழப்பு பூஜ்யம் ஆகவில்லை. நூறு போனால் எண்பதுக்குக் கொஞ்சம் மேலேதான் வெளியே வந்தது. மீதி எங்கே? நாமா இருந்தா எஃபிஷியன்சி இவ்வளவுன்னு எழுதி, அடியில ரெண்டு கோடு போட்டு, ரெக்கார்டை மூடிடுவோம். ஃபோட்டிங்கர் மூடவில்லை. மீதி முழுக்க சூடாக மாறி தண்ணீரிலேயே இருக்கிறது. கப்பலில் பாய்லருக்கு எப்படியும் சுடுதண்ணீர் தேவை. அதனால் அந்தச் சூட்டை பாய்லருக்குப் போகும் தண்ணீருக்கே கொடுத்தார்கள். வீணானதில் ஒரு பகுதி திரும்ப உள்ளே வந்தது. டிரான்ஸ்மிஷன் சூட்டை என்ன செய்வது என்ற கேள்வி கார்களோடு வந்தது இல்லை. கருவி பிறந்த அன்றே கூடவே பிறந்தது. அதற்குப் பதிலும் அன்றே யோசிக்கப்பட்டது.

1909-ல் டான்சிக் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். 1913-ல் கோனிகின் லூயிஸ் என்ற பயணிகள் கப்பல் அவருடைய டிரான்ஸ்ஃபார்மரோடு கடலில் இறங்கியது. ஆயுள் ஒரு வருஷம்தான். முதல் உலகப்போர் தொடங்கியதும் அதைக் கண்ணிவெடி போடும் கப்பலாக மாற்றினார்கள். 1914 ஆகஸ்ட் 5 அன்று பிரிட்டிஷ் கப்பல்கள் அதை மூழ்கடித்தன. இன்னொரு அடியும் விழுந்தது. அதே சமயத்தில் பெரிய பவரைத் தாங்கும் கியர்களை வெட்டக் கற்றுக்கொண்டார்கள். கியரில் இழப்பு மிகக் குறைவு. எண்பத்துச் சொச்சத்தோடு நின்ற தண்ணீர்ச் சக்கரம் கப்பலில் தோற்றது. எந்த வேலைக்காக உருவாக்கினாரோ அந்த வேலையே கையை விட்டுப் போனது.

ஆனால் கியருக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு இருந்தது. அதிர்வைத் தாங்கும். மெதுவாகக் கிளப்பும். ஒரு பக்கம் நின்றாலும் மறுபக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். 1930-ல் இங்கிலாந்தின் டெய்ம்லர் கம்பெனி ஃப்ளூயிட் கப்ளிங்கைக் காரில் வைத்தது. அமெரிக்காவில் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஹைட்ராமேட்டிக் வந்தது. 1948-ல் பியூக் டைனாஃப்ளோ, அதில் முழு டார்க் கன்வர்ட்டர். தண்ணீர் போய் எண்ணெய் வந்தது. ஃபோட்டிங்கர் இதில் பாதியைத்தான் பார்த்தார். 1924-லிருந்து பெர்லினில் பேராசிரியராக இருந்தவர், அந்த நகரத்தில் சண்டை நடந்துகொண்டிருந்த 1945 ஏப்ரல் 28 அன்று அங்கேயே இறந்தார்.

நம்ம நாட்டுக்கும் இது வந்தது. ரயில்வே பொறியாளர் எம்.எம். சூரி, திரவ வழியையும் இயந்திர வழியையும் சேர்த்து உருவாக்கியது சூரி டிரான்ஸ்மிஷன். சித்தரஞ்சன் ஆலையில் 1968 முதல் டீசல் ஹைட்ராலிக் இன்ஜின்கள் தயாராயின.

எங்க ஊர் ஆலங்குளம். தென்காசிப் பக்கம் இருக்கிறது இல்ல, விருதுநகர் மாவட்டத்துல 1970-லிருந்து அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம். சிமெண்ட் மாதிரித் தொழில்களில் கிரஷர், கன்வேயர் இருக்கும் இடத்தில் ஃப்ளூயிட் கப்ளிங் சகஜம். அதில் ஒரு சின்ன திருகு இருக்கும், ஃப்யூசிபிள் பிளக். பெல்ட் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டால் மோட்டாரின் பவர் முழுக்க எண்ணெயைச் சூடாக்கும். 140 டிகிரி போல ஒரு அளவைத் தொட்டதும் அந்தத் திருகின் நடுவில் இருக்கும் உலோகம் உருகி எண்ணெய் வெளியே கொட்டிவிடும். கப்ளிங் விட்டுவிடும், மோட்டார் பிழைத்துக்கொள்ளும். உராய்வும் சூடும் என்ன செய்யும்னு பட்டாசு ஊர்க்காரங்களுக்குத் தனியா சொல்ல வேண்டியதில்லை.

கார்ல அந்தத் திருகு கிடையாது. அதனாலதான் இந்தக் கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்க.

150 கிலோவாட் இன்ஜின், ஏறக்குறைய 200 குதிரைத்திறன். கன்வர்ட்டர் வழுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் எஃபிஷியன்சி 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 30 கிலோவாட். வீட்டு கீசர் 2 கிலோவாட் என்றால் 15 கீசர். இத்தனையும் சேர்ந்து சூடாக்குவது சுமார் 8 லிட்டர் எண்ணெய், அதாவது ஏறக்குறைய 7 கிலோ. ஒரு கிலோவுக்கு ஒரு டிகிரி ஏற்ற 2 கிலோஜூல் போதும். அப்போ விநாடிக்கு 2 டிகிரி. 90 டிகிரியில் நிம்மதியாக இருந்த எண்ணெய் 15 விநாடியில் 120. உலோகக் கூடு கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும், கூலர் கொஞ்சம் எடுத்துவிடும். அதனால்தான் தப்பிக்கிறோம். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதித்து லாஞ்ச் பண்ணினால் வெளியே போவது பூஜ்யம். இன்ஜின் தருவது மொத்தமும் எண்ணெயில்தான்.

எண்ணெய் 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதி குறையும் என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கைக்கணக்கு. 120 தாண்டினால் எண்ணெய் கருத்து, ரப்பர் சீல் கெட்டிப்பட்டு, கிளட்ச் தட்டுகள் வழுக்க ஆரம்பிக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. அப்புறம் அது நிக்காது.

இதற்கு கார்க்காரர்கள் கண்ட வழிகள் எல்லாமே ஃபோட்டிங்கர் கேட்ட அதே கேள்வியிலிருந்து வந்தவை. ஒன்று, சூடு பிறப்பதையே குறைப்பது: 1949-ல் பேக்கார்ட் கம்பெனி லாக்-அப் கிளட்ச் கொண்டுவந்தது. வேகம் பிடித்ததும் இரண்டு சக்கரத்தையும் நேராகப் பூட்டிவிடும், வழுக்கலே இல்லை. இரண்டு, பிறந்த சூட்டை வெளியேற்றுவது: சாதாரண கார்களில் ரேடியேட்டருக்குள்ளேயே ஒரு சின்னக் கூலர். பெர்ஃபார்மன்ஸ் கார்களில் காற்று படும்படி தனிக் கூலர், தெர்மோஸ்டாட், எண்ணெய்க்கு ஒரு டெம்பரேச்சர் மீட்டர்.

உங்கள்ல யாராவது செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஆட்டோமேட்டிக் வாங்கி ரீமேப் பண்ணலாம்னு இருந்தா, பவரைக் கூட்டும் முன் கூலருக்குக் காசு எடுத்து வையுங்க. (ஏ.எம்.டி. வண்டியில டார்க் கன்வர்ட்டரே கிடையாது, அது வேற கதை.) மே மாசம் கொடைக்கானல் ஏறும்போது கியரைக் கீழே இறக்கி ஓட்டுங்க, வழுக்கல் குறையும். ஏற்றத்தில் நிற்க வேண்டி வந்தால் ஆக்சிலரேட்டரால் பிடித்து நிறுத்தாதீங்க, பிரேக் எதுக்கு இருக்கு? சூடு ஏறிடுச்சுன்னா உடனே இன்ஜினை நிறுத்த வேண்டாம். ஓரமாக நிறுத்தி, பார்க்கில் போட்டு, சும்மா ஓட விடுங்க. இன்ஜின் ஓடினால்தான் எண்ணெய் பம்ப் ஓடும், பம்ப் ஓடினால்தான் எண்ணெய் கூலருக்குப் போகும்.

கார் வாங்காதவங்களுக்கும் (நம்மில் பெரும்பாலானவங்க) ஒண்ணு சொல்றேன். ஃபோட்டிங்கர் செய்த கருவி கப்பலில் நூற்றுக்கு எண்பத்துச் சொச்சம் எடுத்துத் தோற்றது. ஆனால் மீதிப் பங்கு எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. லேப்ல சென்ட்ரிஃபியூகல் பம்புக்கு எஃபிஷியன்சி 62 வந்தா, ரெக்கார்டுல மீதி 38 எங்கே போச்சுன்னு கீழே ஒரு வரி சேர்த்து எழுதிப் பாருங்க. வைவாவுல எக்ஸ்டர்னல் முதலில் கேட்கப்போறது அதைத்தான்.