நிற்காமல் ஓடிய சோடா ஆலை

வீட்டில் இட்லி அவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாவு ஊற்றி, மூடி வைத்து, வெந்ததும் எடுத்துவிட்டு, மறுபடியும் மாவு ஊற்ற வேண்டும். முதல் ஈடு, இரண்டாம் ஈடு என்று கணக்குச் சொல்வார்கள். மாவு மில்லில் அப்படி இல்லை. மேலே கோதுமையைக் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கீழே மாவு விழுந்துகொண்டே இருக்கிறது. ரசாயன ஆலைகளிலும் இந்த இரண்டு முறைகள் உண்டு. ஈடு ஈடாகச் செய்யப்பட்டு வந்த சலவை சோடாவை, மாவு மில் போல நிற்காமல் செய்து காட்டியவர்தான் எர்னஸ்ட் சால்வே.

பெல்ஜியம் நாட்டில் ரெபெக் என்ற சிற்றூரில் 1838ஆம் ஆண்டு பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரர். ஆனால் நுரையீரல் நோய் வந்து படுத்துவிட்டதால் பல்கலைக்கழகத்துக்குப் போக முடியவில்லை. பிறகு உறவினர் ஒருவர் நிர்வகித்த எரிவாயு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே நிலக்கரி வாயுவைத் தண்ணீரில் கழுவுவார்கள். கழுவிய தண்ணீரில் அம்மோனியா கலந்திருக்கும். உப்புநீரில் அம்மோனியாவைக் கலந்து, அதற்குள் கரியமில வாயுவைச் செலுத்திப் பார்த்தார் சால்வே. வெள்ளையாக ஒரு தூள் அடியில் படிந்தது. அதுதான் நம் சமையலறையில் இருக்கும் ஆப்பசோடா! அதைச் சூடாக்கினால் சலவை சோடா கிடைத்துவிடும். சோப்பு, கண்ணாடி, காகிதம் எல்லாவற்றுக்கும் சோடா வேண்டும். 1861இல் காப்புரிமை வாங்கினார்.

பிறகுதான் தெரிந்தது, அந்த வேதிவினை ஐம்பது வருடமாகவே பலருக்குத் தெரியும் என்று! அதை வைத்து ஆலை நடத்திப் பார்த்தவர்கள் எல்லோரும் நஷ்டப்பட்டிருந்தார்கள். விலை உயர்ந்த அம்மோனியா வீணாகிக்கொண்டே இருந்ததுதான் முக்கியக் காரணம்.

அந்தக் காலத்தில் சோடா செய்யப் பயன்பட்டது பிரெஞ்சுக்காரர் லெப்லாங்க் கண்டுபிடித்த முறை. உப்பைக் கந்தக அமிலத்தோடு சூடாக்கி, பிறகு சுண்ணாம்புக் கல்லும் கரியும் சேர்த்து உலையில் வேகவைக்க வேண்டும். தொழிலாளர்கள் கம்பியால் கிளறி, வெந்ததை வாரி வெளியே கொட்டிவிட்டு, அடுத்த ஈட்டை அள்ளிப் போடுவார்கள். அதிலிருந்து வரும் அமிலப் புகை சுற்றுப்புறத்தில் உள்ள மரம், செடிகளைக் கருக்கிவிடும். கழிவுக் குவியலோ அழுகிய முட்டை போல நாறும். இந்தப் புகையை அடக்க இங்கிலாந்தில் 1863இல் தனிச் சட்டமே போட்டார்கள் என்றால் பாருங்களேன்!

சால்வே என்ன செய்தார்? உயரமான ஒரு கோபுரம் கட்டினார். அம்மோனியா கலந்த உப்புநீர் மேலிருந்து கீழே இறங்கும். கரியமில வாயு கீழிருந்து மேலே ஏறும். இரண்டும் வழியெல்லாம் கலந்து, அடியில் வெள்ளைத் தூளாக வந்துகொண்டே இருக்கும். கரியமில வாயு எங்கிருந்து கிடைத்தது? சுண்ணாம்புக் காளவாயிலிருந்து. அங்கே மிஞ்சும் சுண்ணாம்பும் வீணில்லை. கோபுரத்திலிருந்து வெளிவரும் நீரில் அதைச் சேர்த்துச் சூடாக்கினால், அம்மோனியா பிரிந்து வந்துவிடும். அதையே திரும்பக் கோபுரத்துக்கு அனுப்பலாம். எவ்வளவு சிக்கனம் பாருங்கள்!

சொல்வது சுலபம். இட்லியில் ஓர் ஈடு வேகாமல் போனால் அந்த ஈடுதான் நஷ்டம். நிற்காத ஆலையில் ஒரு குழாய் அடைத்தாலும் எல்லாமே நின்றுவிடும். தம்பி ஆல்பிரட்டுடன் சேர்ந்து 1863இல் கம்பெனி தொடங்கி, கூயே என்ற ஊரில் ஆலை அமைத்தார். 1865இல் உற்பத்தி ஆரம்பமானது. தூள் படிந்து குழாய்கள் அடைத்தன. இயந்திரங்கள் பழுதாயின. அம்மோனியா கசிந்தது. குடும்பம் போட்ட பணமெல்லாம் கரைந்தது. ஆலையை மூடிவிடலாமா என்ற பேச்சு வந்துவிட்டது. வீட்டார் கூடிப் பேசி, இன்னும் ஒரே ஒரு முறை பணம் போடுவது என்று முடிவு செய்தார்கள். அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால், சால்வேயின் பெயரும் நஷ்டப்பட்டவர்கள் பட்டியலில் சேர்ந்திருக்கும். அண்ணனும் தம்பியும் ஒவ்வொரு கோளாறாகச் சரிசெய்ய, ஆலை நிற்காமல் ஓடத் தொடங்கியது.

பிறகு பல நாடுகள் இந்த முறையை வாங்கின. சோடா விலை இறங்கியது. 1920களில் லெப்லாங்க் ஆலைகள் மறைந்தே போயின. சால்வே முறையிலும் கழிவு உண்டு. கால்சியம் குளோரைடு ஏராளமாக மிஞ்சும். ஆனால் அந்த அமிலப் புகை இல்லை. ஈடு முறை மட்டமானது என்றும் நினைத்துவிடாதீர்கள். பலவகை மருந்துகளையும் சாயங்களையும் இன்றும் ஈடு ஈடாகத்தான் செய்கிறார்கள். கொஞ்சமாகவும் விதவிதமாகவும் செய்ய அதுவே வசதி.

பெரும் பணக்காரரான சால்வே, சட்டம் கட்டாயப்படுத்தும் முன்பே தொழிலாளர்களுக்கு ஓய்வூதியமும் சம்பளத்துடன் விடுமுறையும் கொடுத்தார். 1911இல் தன் செலவில் உலக விஞ்ஞானிகளை பிரஸ்ஸல்ஸ் நகரில் கூட்டினார். ஐன்ஸ்டைன், மேரி கியூரி, ரூதர்போர்டு எல்லோரும் வந்தார்கள். 1922இல், 84 வயதில் காலமானார்.

அந்த 1911 கூட்டத்தின் புகைப்படம் எங்காவது கிடைத்தால், முன்வரிசையில் வெள்ளைத் தாடியோடு இருக்கும் சால்வேயை உற்றுப் பாருங்கள். தலை மட்டும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். படம் எடுத்தபோது அவர் அங்கே இல்லை. பிறகு அவர் தலையை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்!