சுவர் நிற்கிறது, கூரை எங்கே?

அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில், நம் தோழர்கள் ஒரு படிப்பகம் கட்டத் தொடங்கினார்கள். கால்கோள் விழாவில் முழங்கியவர்களில் நானும் ஒருவன். கைதட்டல் மலையில் மோதித் திரும்பிற்று! மூன்றாண்டு கழித்து, சென்ற திங்கள் அவ்வழியே போனேன். சுவர் நிற்கிறது, கூரை இல்லை. சிமெண்ட் வந்தபோது மணல் வரவில்லையாம். மணல் வந்தபோது கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டாராம். கொத்தனார் திரும்பி வந்தபோது சிமெண்ட் மூட்டை கல்லாகிக் கிடந்ததாம்!

பணம் இல்லாமலா நின்றது? இல்லை. ஆள் இல்லாமலா? இல்லை. ஆர்வம் இல்லாமலா? அதுவும் இல்லை. எது முதலில், எது பிறகு, எதற்கு யார் பொறுப்பு என்று எழுதி வைக்க ஒரு தாள் இல்லாமல் நின்றது!

கூரையற்ற அந்தச் சுவரடியில் எனக்கு ஒரு வெள்ளைக்காரர் நினைவு வந்தது. கம்பம் பள்ளத்தாக்கிலே வீடுகளிலும் கடைகளிலும் படமாகத் தொங்குபவர். ஜனவரி 15-ல் பொங்கலிட்டு உழவர்கள் பிறந்தநாள் கொண்டாடுகிறார்களே, அவர்தான். பெரியாறு அணை கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக்.

1841-ல் புனாவிலே பிறந்தார். 1849-ல் சிலியன்வாலாப் போரில் தந்தையும் அண்ணனும் ஒரே நாளில் மாண்டனர். அப்போது இவருக்கு எட்டு வயதுகூட நிரம்பவில்லை. இங்கிலாந்தில் படைக் கல்லூரியில் பொறியியல் பயின்று, 1860-ல் சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார்.

அணை அவர் கண்ட கனவல்ல. மேற்கே பெய்யும் மழை கடலுக்கு ஓடுகிறது. கிழக்கே வைகைக் கரை காய்ந்து வெடிக்கிறது. அந்தத் தண்ணீரை மலைக்கு இப்பால் திருப்ப முடியாதா? 1789-லேயே இதைக் கேட்டவர் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை. கேள்வி நம்முடையது; செய்து முடிக்கும் பொருள்தான் நம்மிடம் இல்லை! 1808-ல் ஆய்ந்த ஜேம்ஸ் கால்டுவெல் ஆகாத காரியம் என்று எழுதிவிட்டார். 1850-ல் சிறிய அணையொன்று தொடங்கினர். காய்ச்சல் வந்தது, கைவிட்டனர். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் பிணங்களைக் குவித்தது. தலைவிதி என்றனர் பலர். தலைவிதியல்ல, தண்ணீர் இல்லாத குறை என்பது அதன் பிறகே அரசுக்கு உறைத்தது.

1882-ல் வேலை பென்னிகுவிக்கின் கைக்கு வந்தது. உடனே மண்வெட்டியைத் தூக்கினாரா? இல்லை! பழைய திட்டங்களைப் பிரித்துப் படித்தார். முன்னவர்கள் மண்ணணை எண்ணியிருந்தனர். இவர் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கான்கிரீட் அணையே தாங்கும் என்று கணக்கிட்டார். மதிப்பீடு 1884-ல் ஒப்புதல் பெற்றது. 1886-ல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம். 1887-லேதான் வேலை தொடக்கம். ஐந்தாண்டு காகிதத்தில் கட்டிய பிறகே கல்லில் கட்டினார்!

இடம் எப்படிப்பட்டது? கடல் மட்டத்துக்கு 3,000 அடி உயரம். யானை உலவும் காடு. பாதை இல்லை, குடிசை இல்லை. அங்கே அணை எழ வேண்டுமானால், அதற்கு முன் பாதை எழ வேண்டும். கீழிருந்து பொருளை ஏற்றக் கம்பிவடம் வேண்டும்; அங்கிருந்து கொண்டு செல்லப் படகு வேண்டும்; தொழிலாளி தங்கக் கொட்டகை வேண்டும். ஒன்று பிந்தினால் அத்தனையும் நிற்கும். அந்த வரிசையைக் காத்ததுதான் அவருடைய பெருந்திறமை. சென்னைப் பயனீர் படையினர், கொச்சித் தச்சர்கள், சமவெளிக் கூலித் தொழிலாளர்கள் எல்லாரும் ஒரே கணக்கில் இயங்கினர். ஒருபுறம் அணை வளர, மறுபுறம் மலையைக் குடைந்து 5,704 அடி நீளச் சுரங்கம்!

தவறே நேரவில்லையா? நேர்ந்தது. ஆற்றை ஒதுக்கப் போட்ட தற்காலிகக் கரைகளை வெள்ளம் திரும்பத் திரும்ப வாரிக்கொண்டு போயிற்று. மழை வடிந்தால் காய்ச்சல். அவர் ஆற்றையும் சபிக்கவில்லை, ஆளையும் சபிக்கவில்லை. வேலை செய்யக் கிடைக்கும் மாதங்களை எண்ணி, அடுத்த வெள்ளத்துக்குள் எது முடிய வேண்டும் என்று பார்த்து மறுபடி தொடங்கினார்.

பணம் நின்றபோது மனைவியின் நகைகளை விற்றுக் கட்டினார் என்று ஊர் சொல்லும். அது நன்றியில் பிறந்த கதை. அதன் மேல் நான் கட்டுரை கட்ட மாட்டேன். தியாகக் கதை என்றால் நமக்குத் தித்திக்கிறது. கணக்குக் கதை என்றால் கசக்கிறது. தலைவன் வீட்டை விற்றால்தான் வேலை முடியும் என்றால், அங்கே திட்டம் தோற்றுவிட்டது என்றே பொருள். அவர் பெருமைக்கு நகைக்கதை தேவையில்லை. அந்த எட்டாண்டு ஒழுங்கு போதும்.

1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். ஆற்றுப்படுகைக்கு மேல் 155 அடி நிமிர்ந்து நின்றது அணை. மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பிற்று. மதுரைச் சீமையின் வானம் பார்த்த பூமி நஞ்சையாயிற்று. அரசுக்கு அதில் வரி வருமானம் என்ற கணக்கும் உண்டு, மறைப்பானேன்?

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. காய்ச்சலில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் அந்தக் காட்டிலேயே மாண்டனர். பென்னிகுவிக்குக்குச் சிலை உண்டு. லோயர் கேம்பில் 2013-ல் திறந்த மணிமண்டபம் உண்டு. அவர்களுக்குப் பெயர்கூட இல்லை. எந்தத் திட்டத்திலும் சிமெண்ட் மூட்டையை எண்ணுமுன் உழைப்பவனின் உயிரை எண்ண வேண்டும் என்பது அந்தக் கல்லறைகள் சொல்லும் பாடம்.

வேலை முடிந்ததும் மாலையோடு போய்விடவில்லை அவர். செய்ததை எழுதி 1897-ல் இலண்டன் பொறியாளர் கழகத்தின் முன் வைத்தார். உடன் உழைத்த மெக்கன்சி 1899-ல் திட்டத்தின் முழு வரலாற்றையும் நூலாக்கினார். அடுத்தவன் அதே குழியில் விழாதிருக்க அது வழி! பிறகு பொறியியல் கல்லூரித் தலைமை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர வெள்ளத்தடுப்புக்கு ஆலோசனை. 1911 மார்ச் 9-ல் இங்கிலாந்தில் மறைவு.

தோழர்களே! சங்கமானாலும், கூட்டுறவுப் பண்டகசாலையானாலும், மாநாட்டுப் பந்தலானாலும், முதற்கூட்டத்தில் மேடையைத் தேடாதீர்கள். ஒரு தாளைத் தேடுங்கள். வேலை, நாள், பெயர் என்று மூன்று பத்தி போடுங்கள். வாரம் ஒருநாள் அதைச் சத்தமாகப் படியுங்கள். பிந்தியவனைத் திட்டாதீர்கள், பிந்திய காரணத்தை அதே தாளில் எழுதுங்கள்.

அடி அண்ணாமலைச் சுவரில் அப்படியொரு தாள் இப்போது ஒட்டப்பட்டிருக்கிறது. மணல் யார், கொத்தனார் யார், ஓடு யார் என்று பெயர் உண்டு. கடைசி வரியில் என் பெயர்: மழைக்கு முன் கூரைக்கு மரம் கொண்டு சேர்ப்பது. இம்முறை நான் அங்கே பேசப் போவதில்லை!